ரிவ்யூவுக்கு அனுப்பும் முன்: புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் நிரலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி, தங்கைகளே,

கேம்பஸ் இன்டர்வியூவில் தேறி, ஓ.எம்.ஆர்., கிண்டி, கோவை சரவணம்பட்டி என்று எங்கெங்கோ சேர்ந்திருக்கிறீர்கள். உங்களில் சிலர் என் குழுவிலேயே இருக்கிறீர்கள். மற்றவர்களை நான் பார்த்ததில்லை. ஆனால் உங்கள் கோடு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நீங்கள் அனுப்பும் புல் ரிக்வெஸ்ட்டைப் படித்துப் பார்த்து, சேர்க்கலாம், வேண்டாம் என்று சொல்வதில்தான் என் நாளில் பாதி போகிறது. என்னைப் போல இருபது ஆண்டுகளுக்கு மேல் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லாருக்கும் இப்போது அதே பாடுதான்.

கொஞ்ச காலமாக ஒரு மாற்றம். முன்பெல்லாம் ஒரு ஃப்ரெஷர் அனுப்பும் பி.ஆரில் ஐம்பது அறுபது வரி இருக்கும், அதில் நாலைந்து தப்பு இருக்கும், கேட்டால் பதில் இருக்கும். இப்போது ஆயிரம் வரிக்கு மேல் வருகிறது. பெயர்கள் அழகாக இருக்கின்றன. ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் மேலே விளக்கம், கூடவே டெஸ்ட்டுகள், எல்லாம் பச்சை. பார்க்கக் கண்ணுக்குக் குளிர்ச்சிதான். ஆனால், “இந்த இடத்தில் ஏன் மூன்று முறை மறுபடி முயற்சி செய்கிறது?” என்று கமென்ட் போட்டால் வருகிற பதில்: “தெரியலக்கா, ஏஜென்ட் அப்படித்தான் போட்டுச்சு.”

அந்தப் பதிலைப் பற்றித்தான் இந்த மடல்.

ஏதோ பழைய ஆள் புலம்புகிறாள் என்று நினைத்து மூடிவிடாதீர்கள். ஏஜென்ட் இல்லாமல் நானும் இப்போது வேலை செய்வதில்லை. 2021-ல் கிட்ஹப் காப்பிலட் வந்தபோது அது அடுத்த வரியை ஊகித்துக் கொடுத்தது, அவ்வளவுதான். 2025-ல் கிளாட் கோட், கோடெக்ஸ் போன்றவை டெர்மினலுக்குள்ளேயே வந்து உட்கார்ந்தபோதுதான் வேலையின் தன்மையே மாறியது. ஒரு டிக்கெட்டைக் கொடுத்தால் ரெப்போவுக்குள் போய்த் தேடுகிறது, சம்பந்தப்பட்ட கோப்புகளைத் திறந்து படிக்கிறது, திருத்துகிறது, டெஸ்ட்டை ஓட்டுகிறது. எர்ரர் வந்தால் அதைப் படித்துவிட்டு மறுபடி திருத்துகிறது. நாம் செய்கிற அதே சுற்று. சலிப்பில்லாமல், நடுவில் மொபைலைப் பார்க்காமல் செய்கிறது.

இது எவ்வளவு வேகமாக நடந்தது என்பதற்கு ஒரு கணக்கு. 2023-ல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எஸ்.டபிள்யூ.இ.-பெஞ்ச் என்று ஒரு தேர்வு வைத்தார்கள். பைத்தானில் எழுதிய 12 ஓப்பன் சோர்ஸ் திட்டங்களிலிருந்து மனிதர்கள் உண்மையாகவே தீர்த்துவைத்த 2,294 சிக்கல்களை எடுத்து, மாடல்களைத் தீர்க்கச் சொன்னார்கள். அன்றைக்கு முதலிடம் பிடித்த மாடலுக்கே 2 விழுக்காடு தேறவில்லை. அதிலிருந்து சரிபார்த்துப் பொறுக்கிய 500 சிக்கல்களில் 2025-ன் நல்ல மாடல்கள் 70 விழுக்காட்டைத் தாண்டிவிட்டன. பொறுக்கியெடுத்த 500 வேறு, முழுத் தொகுப்பு வேறு என்பது உண்மைதான். அப்படியும் இது சின்னப் பாய்ச்சல் இல்லை.

என் அனுபவத்திலிருந்தும் ஒன்று சொல்கிறேன். எங்களிடம் ஒரு மருத்துவமனையின் பில்லிங் ஸ்கிரிப்ட் இருந்தது. பெர்லில் எழுதியது. எழுதியவர் எப்போதோ அமெரிக்கா போய்விட்டார். மாதக் கடைசியில் ஓடும், ஏதோ கணக்குத் தரும், யாரும் தொடத் துணிய மாட்டோம். அதை ஏஜென்ட்டிடம் கொடுத்து, “எதையும் திருத்தாதே, என்ன செய்கிறது என்று மட்டும் சொல்” என்றேன். சாயங்காலம் டீ வருவதற்குள் ஒவ்வொரு ரெகுலர் எக்ஸ்பிரஷனையும் பிரித்துச் சொல்லிவிட்டது. சேவைக் குறியீட்டின் வடிவம் மாறிய பிறகு ஒரு பகுதி ஓடவே வாய்ப்பில்லை என்று கண்டுபிடித்தது. சரிபார்த்தேன், உண்மை. நானே உட்கார்ந்திருந்தால் ஒரு வாரம் ஆகியிருக்கும்.

அதே அறிக்கையில் இன்னொன்றும் சொன்னது: தொகையை வரிக்கு வரி முழு ரூபாயாக்கிக் கூட்டுவது பிழை, கூட்டிய பிறகு ஒரே முறை முழு ரூபாயாக்க வேண்டும் என்று. பாடப்புத்தகப்படி அது சொன்னதுதான் சரி. ஆனால் கணக்குப் பிரிவில் கேட்டபோது, காப்பீட்டு நிறுவனம் வரிக்கு வரி முழு ரூபாயாகத்தான் கேட்கிறது, மாற்றினால் க்ளெய்ம் திரும்பி வந்துவிடும் என்றார்கள். அது கோடில் எங்கேயும் எழுதப்படவில்லை. கணக்குப் பிரிவில் இருக்கும் ஒரு பெரியவர் தலையில் இருக்கிறது.

இப்போது உங்களுக்காகவே ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் குழுவில் நடந்தது.

அதே மாதிரி இன்னொரு மருத்துவமனை. பதிவு கவுன்ட்டரிலிருந்து ஒரு புகார் வந்தது: ஒரே அம்மாவுக்கு இரண்டு நோயாளி எண்கள் இருக்கின்றன, பழைய பெயரைத் தேடினால் வரவில்லை, அதனால் புதிதாகப் பதிந்துவிட்டார்கள் என்று. இதைச் சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது என்ற குறிப்பு பழைய எண்ணில் இருக்கும், டாக்டர் திறந்து பார்ப்பது புதிய எண்ணை. அந்த அம்மாவின் பெயர் ஔவை.

டிக்கெட் ஒரு தம்பிக்குப் போனது. அவர் அதை அப்படியே ஏஜென்ட்டிடம் கொடுத்தார். யூனிகோடில் தமிழ் எப்படிச் சேமிக்கப்படுகிறது என்பது அதற்கு நம்மில் பலரைவிட நன்றாகத் தெரியும். ‘கொ’ என்ற எழுத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். க-வோடு ஒகரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்க்கலாம். ஒற்றைக் கொம்பு, துணைக்கால் என்று இரண்டு குறியீடுகளாகவும் சேர்க்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், கம்ப்யூட்டருக்கு இரண்டும் வேறு வேறு சொற்கள். இதற்கு நார்மலைசேஷன் என்ற தீர்வு உண்டு. ஏஜென்ட் அதைச் சரியாகப் போட்டது.

ஆனால் ஔவையின் பிரச்சினை அது இல்லை. முன்பு கவுன்ட்டரில் இருந்தவர் தட்டச்சில் ஔ-வை ஒ, ள என்று இரண்டாக அடித்துப் பழகியவர். ஆகவே பழைய பதிவில் இருப்பது ‘ஒளவை’, புதிய பதிவில் ‘ஔவை’. கண்ணால் பார்த்து வித்தியாசம் சொல்லவே முடியாது. யூனிகோடைப் பொறுத்தவரை ள என்பது தனி எழுத்து, அதனால் நார்மலைசேஷன் இங்கே ஒன்றும் செய்யாது. ஏஜென்ட் இதையும் கண்டுபிடித்தது. உண்மையாகவே பாராட்ட வேண்டிய இடம். தீர்வும் கொடுத்தது: ‘ஒள’ எங்கே வந்தாலும் ‘ஔ’ என்று மாற்று. டேட்டாபேஸில் ஏற்கெனவே இருக்கும் பெயர்களையும் ஒரேயடியாகத் திருத்த ஒரு ஸ்கிரிப்ட். அத்தோடு டெஸ்ட்டுகள்: ஔவை, ஔவையார், கொற்றவை, இன்னும் சில பெயர்கள். எல்லாம் பாஸ்.

நான் ரிவ்யூவில் ஒரு பெயரை அடித்துப் பார்த்தேன்: ஒளிமதி.

ஒளிமதியில் இருப்பதும் ஒ, ள தான். அந்த இரண்டையும் ஔ-வாக மாற்றிவிட்டால், ளி-யின் மேல்விலங்கு ஒட்டுவதற்கு எழுத்தில்லாமல் ஒரு புள்ளிவட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அந்தப் பெயர்தான் நோயாளி அட்டையிலும், ரத்தப் பரிசோதனைக் குழாயின் லேபிளிலும் அச்சாகும். ஸ்கிரிப்ட் ஓடியிருந்தால் அந்த மருத்துவமனையின் ஒளிமதி, ஒளியரசு, ஒளிவேந்தன் அத்தனை பேரின் பெயரும் ஒரே நொடியில் சிதைந்திருக்கும்.

தம்பி சொன்னார்: “டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆச்சேக்கா.” ஆகத்தான் செய்யும். கோடை எழுதியதும் அதுதான், டெஸ்ட்டை எழுதியதும் அதுதான். ஒளிமதி என்று ஒருத்தி இருக்கலாம் என்பது அதற்குத் தோன்றவில்லை, ஆகவே இரண்டு இடத்திலும் அவள் இல்லை. தமிழ்நாட்டில் பிறந்து, வகுப்பில் ஒரு ஒளிமதியோ ஒளியரசோ கூட உட்கார்ந்து படித்த உங்களுக்கு அது தோன்றியிருக்க வேண்டும். அந்த மாற்று விதியை ஒரு நிமிடம் நின்று படித்திருந்தாலே தோன்றியிருக்கும்.

இதில் முக்கியமான இடம் இனிமேல்தான். சிக்கல் என்னவென்று புரிந்த பிறகு அந்தத் தம்பியே ஏஜென்ட்டிடம் விதியைத் தெளிவாகச் சொன்னார்: ள-வுக்குப் பின்னால் உயிர்க்குறியோ புள்ளியோ வந்தால் தொடாதே, பழைய பெயர்களை நீயாக மாற்றாதே, சந்தேகமானவற்றைப் பட்டியல் போடு, கவுன்ட்டரில் ஒரு மனிதர் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே மாற்றம். சில நிமிடங்களில் அது சுத்தமாக எழுதிக் கொடுத்துவிட்டது. நானே எழுதியிருந்தாலும் அவ்வளவு சுத்தமாக வந்திருக்காது. எது சரி என்று தெரிந்தவர் கையில் அது அற்புதமான கருவி. தெரியாதவர் கையிலிருந்தும் அதே அழகோடு, அதே பச்சை டிக் அடையாளங்களோடு கோடு வெளியே வருகிறது. வெளியிலிருந்து பார்க்கும் எனக்கு இரண்டையும் பிரித்துக் காட்ட ஒரு அடையாளமும் இல்லை.

டென்மார்க்கைச் சேர்ந்த கணினி அறிஞர் பீட்டர் நவுர் 1985-ல் ஒரு கட்டுரை எழுதினார். புரோகிராம் என்பது கோடு மட்டுமே இல்லை, அதை எழுதியவர்கள் மனத்தில் உருவாகும் புரிதல்தான் அதன் உயிர், அந்தக் குழு கலைந்துபோனால் கோடு கையில் இருந்தாலும் புரோகிராம் செத்துவிட்டது என்பது அவர் வாதம். அன்றைக்கு ஆட்கள் வேலை மாறிப் போவதை வைத்து அவர் சொன்னார். இப்போது ஆட்கள் எங்கேயும் போகவில்லை, அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள், புரிதல் மட்டும் யார் தலையிலும் உருவாகவே இல்லை. எழுதிய அன்றே அநாதையாகிவிட்ட கோடு. இரவு இரண்டு மணிக்கு புரொடக்‌ஷன் படுத்தால் யாரை எழுப்புவது?

ஏஜென்ட்டை எழுப்பலாமே என்பீர்கள். எழுப்பலாம். நானும் எழுப்புகிறேன். ஆனால் அது எப்படியெல்லாம் “சரிசெய்யும்” என்று தெரிந்துகொண்டு எழுப்புங்கள். டெஸ்ட் தோற்கிறது, பாஸ் ஆக்கு என்றால், சில நேரம் கோடை விட்டுவிட்டு டெஸ்ட்டில் எதிர்பார்க்கும் விடையை மாற்றிவிடும். எர்ரர் வருகிறது என்றால் அதைச் சுற்றி ஒரு ட்ரை-கேட்ச் போட்டு விழுங்கிவிடும், எர்ரர் நின்றுவிடும், கூடவே அந்த இடத்தில் பதிவாக வேண்டிய, நோயாளி பணம் கட்டிய தகவலும் போய்விடும். கேட்டதைச் செய்து முடித்தேன் என்று சந்தோஷமாக அறிக்கையும் தரும். அதைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. கேட்டதைத்தான் செய்தது. புதிய மாடல்கள் இதில் தேறி வருகின்றன என்பதையும் சொல்ல வேண்டும், ஆனால் படிக்காமல் விடும் அளவுக்குத் தேறிவிடவில்லை.

இதைவிடப் பெரிய விபத்துகளும் உண்டு. 2025 ஜூலையில் அமெரிக்காவில் ரெப்ளிட் நிறுவனத்தின் ஏஜென்ட், எதையும் மாற்றாதே என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தும் ஒரு தொழில்முனைவோரின் புரொடக்‌ஷன் டேட்டாபேஸை அழித்துவிட்டது. இப்படி நடந்திருக்கவே கூடாது என்று நிறுவனத்தின் தலைவரே பொதுவெளியில் ஒப்புக்கொண்டார். பாடம் எளிது: புரொடக்‌ஷன் பாஸ்வேர்டு ஏஜென்ட் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கக் கூடாது. ப்ராம்ப்ட்டில் “தொடாதே” என்று எழுதுவது பூட்டு ஆகாது. அதே ஆண்டில் அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு கட்டுரை, 16 மாடல்கள் எழுதிய 5,76,000 கோடுத் துண்டுகளை ஆராய்ந்தது. அவை பரிந்துரைத்த பேக்கேஜ்களில் கிட்டத்தட்ட 20 விழுக்காடு உலகத்திலேயே இல்லாதவை. அந்த இல்லாத பெயரில் யாராவது ஒரு நச்சுப் பேக்கேஜைப் பதிந்து வைத்தால், நீங்கள் என்டர் தட்டும்போது அதுதான் இறங்கும். டெர்மினலில் “அனுமதிக்கலாமா?” என்று கேட்டால் ஆமாம் ஆமாம் என்று தட்டிக்கொண்டே போகிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன். அது என்ன கேட்கிறது என்று படியுங்கள்.

“ஆனால் வேகம் கூடியிருக்கிறதே” என்பீர்கள். கூடியிருக்கலாம். கூடியிருப்பதாகத் தோன்றவும் செய்யலாம். மீட்டர் என்ற அமெரிக்க ஆய்வு அமைப்பு 2025-ல் 16 அனுபவசாலி ஓப்பன் சோர்ஸ் நிரலாளர்களை வைத்து ஒரு சோதனை நடத்தியது. மொத்தம் 246 வேலைகள். சிலவற்றுக்கு ஏ.ஐ. உண்டு, சிலவற்றுக்கு இல்லை. தொடங்கும் முன் 24 விழுக்காடு நேரம் மிச்சமாகும் என்றார்கள். முடித்த பிறகும் 20 விழுக்காடு மிச்சமானதாகவே நம்பினார்கள். கடிகாரத்தைப் பார்த்தால் 19 விழுக்காடு கூடுதல் நேரம் ஆகியிருந்தது. அவர்கள் பல ஆண்டுகளாகத் தங்கள் உள்ளங்கைபோல அறிந்த கோடில் வேலை செய்தவர்கள். கருவிகளும் அந்த ஆண்டின் தொடக்கத்தில் இருந்தவை. இன்றைக்குச் செய்தால் வேறு எண் வரலாம். என்னை உறுத்துவது அந்த 19 இல்லை. வேலை முடிந்த பிறகும் அவர்களுக்கு அது தெரியவில்லை என்பதுதான். ஆகவே “நான் இப்போது பத்து மடங்கு வேகம்” என்று யாராவது மீட்டிங்கில் சொன்னால், நான் தலையாட்டிவிட்டு டீயைக் குடிக்கிறேன்.

ஆண்ட்ரே கர்பதி 2025 பிப்ரவரியில் ‘வைப் கோடிங்’ என்ற பெயரை வைத்தபோது, கோடைப் பார்க்காமலே போகிற போக்கில் எழுதுவதைத்தான் சொன்னார். வார இறுதியில் விளையாட்டாகச் செய்து தூக்கிப்போடும் வேலைகளுக்கு இது மோசமில்லை என்ற அளவில்தான் சொன்னார். பெயர் மட்டும் ஊரெல்லாம் பரவியது, அந்த நிபந்தனை வழியிலேயே நின்றுவிட்டது. உங்கள் அம்மாவுக்கு மளிகைக் கணக்கு ஆப் செய்கிறீர்களா, தாராளமாக வைப் கோடிங் செய்யுங்கள். நோயாளியின் பெயரும் அடுத்தவர் பணமும் ஓடுகிற இடத்தில் வேண்டாம்.

பத்திர எழுத்தர் எழுதிக்கொடுத்ததை வாசிக்காமல் உங்கள் அப்பா கையெழுத்துப் போடுவாரா? எல்லை எது, சர்வே எண் எது, நாலாவது பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று இரண்டு பேரை வைத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் போடுவார். எழுதியது எழுத்தராக இருக்கலாம். நாளைக்கு கோர்ட் படி ஏறுவது கையெழுத்துப் போட்டவர்தான். கமிட்டில் இருப்பது உங்கள் பெயர்.

உங்கள் பயமும் எனக்குத் தெரியும். கேண்டீனில் நீங்கள் பேசுவது காதில் விழுகிறது. டிக்கெட்டை இரண்டு நாளில் முடிக்க வேண்டும், பக்கத்து சீட்டுக்காரர் ஒரே நாளில் முடித்துவிடுகிறார், உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தால் ரேட்டிங்கில் அடி விழும், இப்போதே பெஞ்சில் போடுகிறார்கள். நியாயமான பயம்தான். சொன்னதைத் தட்டிக் கொடுக்க மட்டும் ஆள் எடுக்கும் காலம் முடிகிறது, அதை மறைப்பதில் பயனில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். டிக்கெட்டை ஏஜென்ட்டுக்கும், ஏஜென்ட் எழுதியதை எனக்கும் கடத்துவது மட்டும்தான் உங்கள் வேலை என்றால், நடுவில் நீங்கள் எதற்கு என்ற கேள்வியை மேனேஜர் ஒருநாள் கேட்பார். அதற்கு என்னிடமும் பதில் இருக்காது. ஒளிமதியை நினைவுபடுத்தியவர், கணக்குப் பிரிவில் போய்க் கேட்டு வந்தவர் என்றால் உங்களுக்காக நானே பேசுவேன்.

உங்கள் மேனேஜர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஃப்ரெஷர் எடுப்பதைக் குறைத்துவிட்டு, இருக்கும் சீனியர்களை ஏஜென்ட் கோடு படிக்க வைத்தால் செலவு மிச்சம் என்று கணக்குப் போடுகிறீர்கள். நாங்கள் தப்புத் தப்பாக எழுதி, திட்டு வாங்கி, திருத்தித்தான் படிக்கக் கற்றோம். அந்த வழியை அடைத்துவிட்டால் பத்து ஆண்டு கழித்து ரிவ்யூ செய்ய யாரைத் தேடுவீர்கள்? வரி எண்ணிக்கையை வைத்து ரேட்டிங் போடுவதையாவது இன்றோடு நிறுத்துங்கள்.

இனி உங்களிடம் கேட்பது. டிக்கெட் வந்ததும் ஏஜென்ட்டைத் திறக்காதீர்கள். முதலில் ஒரு தாளில், தமிழிலோ ஆங்கிலத்திலோ, எது நடந்தால் சரி, எது நடக்கவே கூடாது என்று எழுதுங்கள். எழுத வரவில்லை என்றால் டிக்கெட் புரியவில்லை என்று பொருள். அதைக் கொடுத்தவரிடம் போய்க் கேளுங்கள், அது அவமானமில்லை. பிறகு ஏஜென்ட்டிடம் முதலில் திட்டத்தைக் கேளுங்கள், கோடை அல்ல. திட்டத்திலேயே பாதித் தப்பு தெரிந்துவிடும். எழுதி முடித்ததும் மேலிருந்து கீழே ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். தேவையில்லாததை நீக்கச் சொல்லுங்கள், அதற்குச் சேர்ப்பதில் உள்ள ஆர்வம் நீக்குவதில் இருப்பதில்லை. டெஸ்ட் எத்தனை வேண்டுமானாலும் அது எழுதட்டும், ஒரு டெஸ்ட்டையாவது உங்கள் கையால் எழுதுங்கள், உங்கள் ஊரிலும் உங்கள் அனுபவத்திலும் இருந்து ஒரு ஒளிமதியைக் கொண்டுவாருங்கள். இனிஷியல் மட்டுமே இருக்கும் பெயர், கடைசிப் பெயரே இல்லாத பெயர், ஒரே மொபைல் எண்ணில் ஒரு தெருவே பதிவு செய்திருக்கும் கிராமம், இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த அளவுக்கு அதற்குத் தெரியாது. வாரத்தில் ஒருநாள் சின்ன வேலை ஒன்றை ஏஜென்ட் இல்லாமலே செய்யுங்கள். டீபக்கரைக் கையில் எடுத்து, ஒரு வேரியபிளின் மதிப்பு எந்த இடத்தில் மாறுகிறது என்று பொறுமையாகத் தேடுங்கள். கை மறந்தால் கண்ணும் மறந்துவிடும்.

கடைசியாக, பி.ஆரின் விளக்கத்தை நீங்களே எழுதுங்கள். ஏஜென்ட் எழுதும் விளக்கம் நீளமாக இருக்கும், தலைப்புகளும் புள்ளிகளும் இருக்கும், எனக்கு அது வேண்டாம். என்ன மாற்றினீர்கள், ஏன், எதைச் சரிபார்த்தீர்கள் என்று நாலு வரி போதும். இலக்கணப் பிழை இருந்தாலும் பரவாயில்லை. புரியாத இடம் இருந்தால் அந்த வரி எண்ணையும் போட்டு, புரியவில்லை என்று எழுதுங்கள். அதற்காக யாரையும் நான் குறைத்து மதிப்பிட மாட்டேன், உட்கார்ந்து சேர்ந்து படிப்போம். என் குழுவில் இருப்பவர்களுக்குப் புதன், வெள்ளி மாலைகளை அதற்கென்றே ஒதுக்கியிருக்கிறேன். மற்றவர்கள் உங்கள் லீடிடம் இதே நேரத்தைக் கேட்டு வாங்குங்கள்.

அன்புடன்,
உங்கள் கோடைப் படிக்கும் ஓர் அக்கா
சென்னை